அடைச்சா திரும்ப வராது

பகலில் தூங்குகிறவர்களைக் கண்டால் வீட்டுக்கார அக்காவுக்கு ஆகாது. எனக்கோ மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஈப்போ சிலிபினில் அந்த வீட்டுப் பின் அறையை வாடகைக்கு எடுத்த என் புத்தியைச் செருப்பால்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

விடிய விடிய எலக்ட்ரானிக் பேக்டரியில் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுப்பேன். கண் செருகும். கதவு தட்டப்படும்.

“புள்ள, தூங்குறியா?”

“ஆமாக்கா.”

“சரி சரி, தூங்கு.”

அவ்வளவுதான் விஷயம். போய்விடுவார். பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்து, கழுவி வைத்துவிட்டு மறுபடி வந்து தட்டுவார். தூங்குகிறவளை எழுப்பி, தூங்குகிறாயா என்று கேட்கிற ஒரு மனுஷியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். அக்கா சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து தட்டினார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கதவைப் படாரென்று திறந்து, “என்னக்கா வேணும் உங்களுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கத்திவிட்டேன்.

அக்கா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டார். சாதாரணமாக ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிற வாய் அது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

பிறகு அக்காவின் மகள்தான் என் அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசியான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண். அம்மாவுக்கு நேரெதிர், பேச்சே வராது. “கோவிச்சுக்காதீங்கக்கா. எங்கப்பா ஒரு நாள் மத்தியானம் இந்த ஹால்லதான் படுத்தாரு. அப்புறம் எந்திரிக்கல,” என்றாள்.

அவர் லூமுட் துறைமுகத்திலிருந்து ஈப்போ பாசாருக்கு மீன் லாரி ஓட்டியவராம். அன்றைக்கு லாரியை வாசலில் விட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, “டீ நேரத்துக்கு எழுப்பு” என்று சொல்லி ஹாலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். டீ நேரம் வந்தது. அக்கா எழுப்பவில்லை. இதைப் பின்னொரு நாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும்போது, மீனைவிட்டுப் பார்வையை எடுக்காமல் அவரே சொன்னார். “பாவம் மனுஷன், அசந்து தூங்குறாரு, இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமேன்னு விட்டுட்டேன்லா புள்ள.”

அதற்குப் பிறகு அக்கா தட்டினால் தூங்குகிறேன் என்று சொல்லவே மாட்டேன். “இருக்கேன்க்கா!” என்று சத்தமாகக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அந்த வீட்டில் எதுவும் நிற்கக் கூடாது. ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். ஒலிபரப்பு முடிந்தாலும் இரைந்துகொண்டே இருக்கும். ஆளில்லாத அறையில் காற்றாடி சுற்றும். நாங்கள் அங்கே விளக்கையோ ரேடியோவையோ அணைப்பதை ‘அடைப்பது’ என்றுதான் சொல்வோம், போடுவதைத் ‘திறப்பது’ என்போம். அக்காவுக்குத் திறக்க மட்டும்தான் தெரியும். “ஓடுறத எதுக்குப் புள்ள அடைக்கிற? அது பாட்டுக்கு ஓடுது, உன்ன என்ன பண்ணுது?” என்பார்.

வாடகைக்கு வீடியோ படம் எடுத்து வந்தால் அதைவிடக் கூத்து. நடுவில் யாராவது கழிவறைக்குப் போக எழுந்தால் படத்தை நிறுத்தி வைக்க விடமாட்டார். “போயிட்டு சீக்கிரம் வா, கதைய நான் சொல்றேன்” என்பார். திரும்பி வந்து கேட்டால் கதையைத் தப்புத் தப்பாகச் சொல்வார். நல்லவனைக் கெட்டவன் என்பார், செத்தவனை உயிரோடு விட்டுவிடுவார்.

ஒரு முறை சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கோயிலுக்கு டாக்சி பிடித்துப் போனோம். டாக்சிக்கார அண்ணனை இஞ்சினை நிறுத்த விடவில்லை.

“அக்கா, நீங்க சாமி கும்பிட்டு வர்ற வரைக்கும் வண்டி ஓடிக்கிட்டே இருந்தா பெட்ரோல் என்னத்துக்கு ஆகுறது? அடைச்சிட்டு நிக்கிறேன்லா.”

“அண்ணே, வண்டிய அடைச்சு, அது கிளம்பாம போச்சுன்னா?”

“புது வண்டிக்கா!”

“புது வண்டின்னா அதுக்குத் தெரியுமா?”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா ஓட்டமும் நடையுமாக உள்ளே போய், சாமி முகத்தைச் சரியாகப் பார்த்தாரோ இல்லையோ, திருநீற்றை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சுற்றுப்பிராகாரம் சுற்றவே இல்லை. புருஷனுடைய லாரியில் பேட்டரி செத்துப்போயிருந்த ஒரு காலத்தில், அவர் மீன் கூடைகளை இறக்கும்வரை அக்காதான் முன்சீட்டில் உட்கார்ந்து, இஞ்சின் நின்றுவிடாமல் காலால் மிதித்துக்கொண்டிருப்பாராம். அதற்கும் முன்னால், கித்தாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வாளியில் ரப்பர் பால் உறைவதற்குள் ஓடு, ஓடு என்று சின்ன வயதிலேயே விரட்டப்பட்ட கால்கள். புருஷன் போனதோடு சேர்த்து எல்லாம் முற்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவர் கைக்கு அப்படிப்பட்ட ஒரு பெட்டி வந்து சேர்ந்ததைத்தான் என்னவென்று சொல்வது!

ஈயத்தின் விலை விழுந்து, ஈப்போவைச் சுற்றிச் சுரங்கங்களை மூடிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அக்கா ஒரு சுரங்கக் கம்பெனி ஆபீசில் கூட்டிப் பெருக்கி, எல்லாருக்கும் கோப்பி கலக்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தார். ஒரு நாள் ஆபீசையே மூடிவிட்டார்கள். சாவி ஒப்படைப்பதற்கு முன் மேசை, நாற்காலி, அலமாரி என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வாரக்கணக்கில் மூலையில் கிடந்தது, சீண்ட ஆளில்லை. கணக்கு எழுதும் கிராணி சொன்னாராம்: “அது கோளாறு புடிச்சது. ஓடும்போது நல்லா ஓடும். அடைச்சா திரும்ப வராது.”

வேறு யாராக இருந்தாலும் சனியன் என்று விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அக்கா டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

“அடைச்சாத்தானே வராது? நம்ம என்ன அடைக்கவா போறோம்?”

பழுப்பு நிறப் பெட்டி. எழுத்துப் பலகை அதோடு சேர்ந்தே இருந்தது. மேலே ஒரு சின்னத் திரை, பக்கத்தில் டிஸ்க் போடுகிற டிரைவ். டிஸ்க்குகள் இரண்டு, சுடாத அப்பளம் மாதிரி வளைந்தன. ஹாலில் வைத்துச் சுவிட்சைத் தட்டியதும் டிரைவ் கரகரவென்று இரைந்தது, திரையில் பச்சைப் பச்சையாக எழுத்து வந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கெட்டுப்போச்சாம்லா! கெட்டுப்போனதா இது?”

அன்று தட்டிய சுவிட்ச்தான். அதற்குப் பிறகு அதை யாரும் அணைக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அக்கா அதன் முதுகைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் பிள்ளையின் கழுத்தைத் தொடுவதுபோல. சுடும். சுடச் சுட அவருக்குத் திருப்தி.

எல்லாம் மகளுக்காகத்தான். அவள் தட்டச்சு படித்திருந்தாள். ஆனால் மூடுகிற ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? அக்காவுடைய தம்பி சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூரில் இருந்தார். வருகிறபோதெல்லாம், “புள்ளைய அனுப்புக்கா, சிங்கப்பூர்ல பேக்டரியில சேத்துவிடுறேன், தங்குறதுக்கு ஹாஸ்டல் இருக்கு” என்பார். தீபாவளி வரை பார்ப்பது, ஈப்போவில் ஒன்றும் அமையாவிட்டால் அனுப்பிவிடுவது என்று பேச்சு முடிந்திருந்தது. அக்கா சரி என்று சொல்லிவிட்டாரே தவிர, அதற்குப் பிறகு ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் அக்கா தட்டுவதற்கு என் கதவு ஒன்றுதான் மிஞ்சும்.

கடைசியில் டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். டெஸ்ட்டு வைப்பார்களாம். சரஸ்வதி பூஜை முடிந்து, விஜயதசமிக்கு மறுநாள். தீபாவளிக்கு முன் வந்த ஒரே அழைப்பு. மகள் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அடித்து அடித்து விரல் பழகிக்கொண்டிருந்தாள். அக்கா பின்னால் நின்றுகொண்டு, “வேகமா, வேகமா” என்று பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கே அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பூஜைக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம் ஈப்போவுக்கே உரிய மழை. ஒரு இடி இடித்தது பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கரண்ட் போய்விட்டது.

ரேடியோ நின்றது. காற்றாடி நின்றது. பெட்டியும் நின்றது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. அக்கா ஹால் நடுவில் நின்றார். “போச்சு” என்றார்.

கரண்ட் வந்தது. ரேடியோ விட்ட இடத்தில் பாடியது, காற்றாடி சுற்றியது. பெட்டி மட்டும் வரவில்லை. சுவிட்சை அணைத்துத் தட்டினால் உள்ளே பல்லி கத்துகிற மாதிரி டிக், டிக் என்று ஒரு சத்தம். திரை இருட்டாகவே கிடந்தது.

“நீ எலக்ட்ரானிக் பேக்டரிதானே? பாருடி!”

“அக்கா, நான் அங்க கம்பி ஒட்டியிருக்கா ஒட்டலையான்னு பாக்குறவ. இது எனக்கு என்ன தெரியும்?”

“பேசாத. பாரு.”

பார்த்தேன். வயரை வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன். திரையின் வயரைக் கழற்றி மாட்டினேன். டிஸ்க்கை எடுத்துப் பார்த்தபோது எனக்கு வந்ததே ஒரு கோபம்! உறையில் ஜன்னல் மாதிரி திறந்திருக்குமே, கறுப்பாகப் பளபளவென்று, விரல்கூடப் படக் கூடாத இடம். அங்கே சந்தனமும், அதன்மேல் குங்குமமுமாக வட்டமாக ஒரு பொட்டு.

“யாருக்கா இத வச்சது?”

“நான்தான். காலையில விளக்கேத்துனேன்ல, எல்லாத்துக்கும் வச்சேன். நல்லாருக்கட்டும்னு.”

“எல்லாத்துக்குமா?”

எல்லாவற்றுக்கும்தான். பெட்டிக்கு, திரைக்கு, டிரைவுக்கு, எழுத்துப் பலகையில் நடுவில் இருந்த நீளக் கட்டைக்கு. கோளாறைப் பிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். இன்னொரு டிஸ்க்கைப் போட்டு ஆவலாகத் தட்டினேன். டிக், டிக். துள்ளியது வீண். பிறகு மேல்மூடியைத் திறந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு தட்டி, ஒரு பல்லி முட்டை ஓட்டை எடுத்து எறிந்து, கறுப்புக் கறுப்பாக இருந்த சில்லுகளையெல்லாம் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். பல்லி கத்திக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் டாக்சியில் ஏற்றிப் பழைய டவுனில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், கடைக்குக் கொண்டு போனோம். டி.வி., ரேடியோ எல்லாம் பார்க்கிறவர், கம்ப்யூட்டரும் பார்ப்பார் என்றார்கள். நாங்கள் போனபோது அவர் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இழையாக ரசித்துச் சாப்பிட்டார். அக்கா உட்காரவில்லை. கடையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்துகொண்டே இருந்தார். தவுக்கே சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவி, கையைத் துடைத்து, ஒரு வழியாகச் சுவிட்சைத் தட்டினார்.

கரகர. பச்சை எழுத்து.

“அட மானங்கெட்டதே! வீட்ல என் உயிர வாங்கிட்டு இங்க வந்து சிரிக்கிது பாரு!” என்று அக்கா பெட்டியைத் திட்டினார்.

தவுக்கே அதை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார். நன்றாகச் சூடேறிய பிறகு முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டென்று அணைத்தார். அக்கா “ஐயோ!” என்று கத்தினார். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி தட்டினார். டிக், டிக். பிறகு பொறுமையாக மலாயில் சொன்னார்: கரண்ட் கொடுக்கிற டப்பாவுக்குள் ஏதோ ஒன்று சூட்டில் கெட்டுப்போயிருக்கிறது, ஆறினால் வேலை செய்யும், சூடானால் மறுபடி கிளம்பாது, மாற்றலாம், ஆனால் சாமான் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், தீபாவளி ஆகிவிடும். “காசி ரேஹாட் லா, அக்கா,” என்றார். ஓய்வு கொடு. ஒரு நாள் முழுக்கத் தொடாதே, வரும்.

ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருப்பதா? யாரிடம் வந்து சொல்கிறார் பாருங்கள்!

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஓய்வு கொடுக்க ஆரம்பித்தார்.

“ரெஸ்ட்டு குடுத்தாச்சு. இப்ப வரும் பாரு.”

“எப்பக்கா குடுத்தீங்க?”

“மீன் பொரிச்சு எடுக்குற வரைக்கும் குடுத்தேன்லா!”

டிக், டிக். துணி காயப்போட்டுவிட்டு வந்து தட்டுவார். வாசல் வரை போய்விட்டு வந்து தட்டுவார். ஆறுவதற்குள் தட்டித் தட்டி, அது எப்போதும் சூடாகவே கிடந்தது. தவுக்கே சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், காதில் ஏறவில்லை. என் காற்றாடியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கு வைத்தார். நான் பகலில் வேர்வையில் புழுங்கிக்கொண்டு படுத்திருந்தேன். மகள் சாப்பாட்டு மேசை விளிம்பில் விரலை வைத்து, இல்லாத எழுத்துகளை அடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “ஒரே ஒரு நாள் அத விடுங்கக்கா! அது என்ன செத்தா…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா சுவிட்சில் வைத்த கையை எடுக்கவில்லை. “விட்டு, வராம போச்சுன்னா?” என்றார். குரல் ரொம்ப மெலிந்திருந்தது. “நான் விட்டதாலதான் வரலன்னு ஆயிரும்லா புள்ள.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. முந்தின வருடங்களிலெல்லாம் அக்கா தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் எரிந்து முடிவதற்குள் பாவாடைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்துவிடுவாராம். இந்த வருடம் மகள் விடியற்காலையிலேயே எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் தட்டச்சுப் புத்தகங்களை அடுக்கிவிட்டாள். பிறகு பெட்டியின் பின்பக்கத்திலிருந்து கரண்ட் வயரைப் பிடுங்கி, சுருட்டி, மேலே பூ சுற்றி, புத்தகங்களின் மேல் வைத்துக் கற்பூரம் காட்டினாள்.

அக்கா வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“வயர ஏன்டி அங்க வச்ச?”

“ஆயுதம்மா. சாமிகிட்ட வச்சாச்சு. நாளைக்கித்தான் எடுக்கணும். இன்னிக்கித் தொட்டா எனக்கு வேல கிடைக்காது.”

ஊமை மாதிரி இருந்த பெண் என்ன வேலை செய்திருக்கிறாள்! எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அக்கா வாயைத் திறந்தார், சாமி படத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். வக்கீல் ஆபீசை மீறலாம், தவுக்கேயை மீறலாம், கலைமகளை மீற முடியுமா?

அன்றைக்கு அந்த மனுஷி பட்ட பாடு! கூட்டிய வீட்டையே கூட்டினார். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். சந்துமுனை வரை போய், யாரையும் பார்க்காமல் திரும்பி வந்தார். சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்பார், கை தானாக வயர் பக்கம் நீளும். அங்கே மகள் பூக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அக்கா கையை இழுத்துக் கும்பிடுவார்.

மத்தியானம் என் கதவு தட்டப்பட்டது.

“புள்ள, தூங்குறியா?”

“இல்லக்கா.”

“நானும் இல்ல,” என்றார். போகாமல் நின்றார். “அது இப்ப உள்ள என்ன செய்யும்?”

“ஆறிக்கிட்டு இருக்கும்க்கா.”

“ஆறிட்டு?”

“ஆறிட்டு வரும்.”

“வரும்லா?”

“வரும்க்கா,” என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த முகத்துக்கு வேறு எதைச் சொல்வது?

விஜயதசமி காலையில் மகள் பூவை எடுத்துவிட்டு வயரை மாட்டினாள். டிஸ்க்கைப் போட்டு டிரைவின் கதவை மூடினாள். அக்கா ஹாலுக்கு வரவில்லை. சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார், குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

கரகர.

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். பச்சை எழுத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். “ஜில்லுன்னு இருக்கு புள்ள,” என்றார். “ஜில்லுன்னு இருந்தும் வருது.” சொல்லிக்கொண்டே அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

மகள் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, தானே சுவிட்சை அணைத்தாள்.

“ஏய்!” அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“அம்மா, நாளைக்கி டெஸ்ட்டுல முதல்ல கம்ப்யூட்டர தொறக்கச் சொல்வாங்க. இத்தன மாசத்துல நான் இத ஒரு தடவகூடத் தொறந்ததில்ல. ஓடிக்கிட்டு இருந்ததுலதான் உக்காந்து அடிச்சிருக்கேன். தொறக்கப் பழகணும்னா, அடைக்கணும்லா.”

நான் அதை யோசிக்கவே இல்லை. அக்காவும் யோசிக்கவில்லை. அன்று முழுக்க அவள் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பதும், நன்றாக ஆறவிட்டுத் திறப்பதுமாக இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

டெஸ்ட்டில் நடந்ததை மகள் வந்து சொன்னாள். அவளுக்கு முன்னால் போன பெண் பதற்றத்தில் எதையோ அமுக்கி, கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டதாம். அந்தப் பெண் கண்டதையும் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்து இவள். போனாள், அணைத்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஆபீஸ் மேனேஜர் வந்து, என்னம்மா சும்மா உக்காந்திருக்கன்னாரு.”

“நீ என்னடி சொன்ன?” என்றேன்.

“ரெஸ்ட்டு குடுக்குறேன் சார்னு சொன்னேன்.”

அவர் சிரித்துவிட்டாராம். பிறகு அவள் திறந்தாள், வந்தது, கடிதத்தை அடித்துக் கொடுத்தாள். அந்தக் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு ஓய்வு தேவையே இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டோம். ஆனால் தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. ஜொகூர்த் தம்பிக்கு அன்றே தகவல் போனது, பிள்ளை எங்கேயும் வரவில்லை என்று.

அக்காவுக்கு வேலை கிடைத்ததைவிட வேறொன்றுதான் பெரிதாகப் போய்விட்டது.

“எவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருந்த?”

“தெரியலம்மா. மனசுக்குள்ள ஒரு பாட்டு பாடி முடிச்சேன்.”

“முழுப் பாட்டா?”

“முழுப் பாட்டும்.”

இதைத்தான் பாசார் முழுக்கச் சொல்லித் திரிந்தார். “எம்மவ ஒரு முழுப் பாட்டு நேரம் சும்மா உக்காந்திருந்தாளாம்லா!” மீன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே மீனை வெட்டினார்.

மகள் முதல் நாள் வேலைக்குப் பஸ் ஏறிய அன்று நான் நைட் ஷிப்ட்டு முடித்து வந்து படுத்தேன். தானாகவே விழிப்பு வந்தது. வெயில் சாய்ந்திருந்தது. நன்றாகத் தூங்கியிருக்கிறோமே என்று ஒரு நிமிடம் சுகமாகக் கிடந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இன்றைக்கு யாரும் கதவைத் தட்டவில்லை.

எழுந்து ஓடினேன். ரேடியோ பாடவில்லை. பெட்டி அணைந்திருந்தது, மேலே ஒரு துணி போட்டு மூடியிருந்தது. ஹாலில், அவர் புருஷன் படுத்த அதே இடத்தில், துண்டை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பி அக்கா படுத்திருந்தார். காற்றாடி ஒன்றுதான் சுற்றியது. அந்தக் காற்றில் கைலி அசைந்துகொண்டிருந்ததால், முதுகு அசைகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“அக்கா… தூங்குறீங்களா?”

காதருகே குனிந்தேன்.

“அக்கா! தூங்குறீங்களா?”

“ஆமாடி, தூங்குறேன்,” என்றார், கண்ணைத் திறக்காமலே. “போ. டீ நேரத்துக்கு எழுப்பு.”

நான் அறைக்குப் போகவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டை மனசுக்குள் பாடிப் பார்த்தேன், பாதிகூடத் தாண்ட முடியவில்லை. டீ நேரம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

அக்கா பதறி எழுந்து உட்கார்ந்தார். வாசலில் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாவி! நல்லா தூங்கிக்கிட்டு இருந்தவள எழுப்பிட்டியேடி!”